வீட்டுச் சோறு தின்னும் நாய்க்கு இயற்கைச் சத்து சேர்ப்பது எப்படி? வேலூரில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது

செவலி எங்கள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு மாதக் குட்டி. சத்துவாச்சாரியில் கட்டட வேலை நடந்த ஒரு மனையில், மணல் குவியலுக்குப் பின்னால் தனியாகக் கிடந்த நாட்டு நாய். நொய்யரிசிச் சோறு, கோழிக்கறி, பால் என்று போட்டு வளர்த்தோம். ஐந்தாவது மாதம் பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் கால்சியம் சிரப், ஒருவர் மல்டிவைட்டமின் சொட்டு மருந்து, ஒருவர் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை. எதிர்வீட்டுப் பெரியவர் தினமும் ஈரல் போடச் சொன்னார். நானாக முருங்கைப் பொடியும் சேர்த்தேன். எல்லாம் ஒரே வாரத்தில்.

பத்தே நாளில் வாந்தியும் பேதியும் வந்தன. தட்டை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையில் எல்லா டப்பாவையும் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். அந்த அம்மா ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இது அத்தனையும் சேர்த்து ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் போகுது, எவ்வளவு வைட்டமின் ஏ போகுதுன்னு கூட்டிப் பாத்தீங்களாம்மா?"

நான் கூட்டிப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்திருந்தது தெரிந்தது. கோழிக்கறியிலும் சோற்றிலும் கால்சியம் இல்லாமல் வளர்ந்ததால் வந்தது அது. வயிற்றைக் கெடுத்தது நான் அவசரத்தில் கொட்டியவை. இரண்டும் என் கையால் நடந்தவை. செவலிக்கு இப்போது மூன்று வயது, 14 கிலோ, நன்றாக ஓடுகிறாள். அவள் பட்டதை உங்கள் நாய் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் ஒரு வயது தாண்டிய, நோயில்லாத, 10 கிலோ நாய்க்கு. குட்டி, சினை நாய், பால் கொடுக்கும் நாய், கிட்னி கோளாறோ கல்லடைப்போ உள்ள நாய் ஆகியவற்றுக்கு இந்த அளவுகளைப் பயன்படுத்தாதீர்கள்.

1. ஏழு நாள் எழுதுங்கள்

சத்து வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஏழு நாள், நாய் வாயில் போவது அத்தனையும் எழுதுங்கள். பாட்டி கொடுக்கும் பிஸ்கட், பிள்ளைகள் போடும் தோசைத் துண்டு, ஞாயிற்றுக்கிழமை எலும்பு எல்லாம். வீட்டில் நால்வர் இருந்தால் நால்வரும் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் செவலிக்கு நாளைக்கு ஐந்து பிஸ்கட் போவது மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் கடைத் தீனி போடுகிறீர்களா என்று பாருங்கள். பாக்கெட்டின் பின்பக்கம் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று அச்சிட்டிருந்தால், அதில் கால்சியம், வைட்டமின் ஏ, டி, ஜிங்க், அயோடின் எல்லாம் ஏற்கெனவே கலந்திருக்கும். முழு வயிற்றுக்கும் அதையே போடுபவர்கள் மேற்கொண்டு எந்தச் சத்தும் சேர்க்க வேண்டாம். அதன்மேல் கால்சியம் சேர்ப்பது நல்லதல்ல, கெடுதல். ஆசைக்கு ஒரு துண்டு காரட், ஒரு வெந்த முட்டை கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

வீட்டுச் சோறு மட்டுமே போடுபவர்களும், பெரும்பகுதி வீட்டுச் சோறு போடுபவர்களும் தொடர்ந்து படியுங்கள்.

2. குறைவது சத்துதானா என்று மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள்

நம் பக்கத்தில் நாய் சோர்ந்து படுத்தால், ஈறு வெளுத்திருந்தால், முடி கொட்டினால், உடனே 'சத்து இல்லை' என்று டானிக் வாங்குகிறார்கள். பல நேரம் அது சத்துக் குறைவே இல்லை. உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். ஈறு வெளுத்த நாய்க்கு இரும்புச் சத்து டானிக் கொடுத்துக்கொண்டே மூன்று வாரம் கடத்தினால், உண்ணிக் காய்ச்சல் முற்றிவிடும். இந்தப் படியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை:

- தடுப்பூசிப் புத்தகம். கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்த தேதி அதில் இருக்கட்டும்
- ஏழு நாள் நோட்டு
- இதுவரை கொடுத்த டானிக், பொடி, மாத்திரை அனைத்தின் லேபிளும் தெரியும்படி எடுத்த போட்டோ, முன்பக்கமும் பின்பக்கமும்
- பழைய ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே இருந்தால் அவை
- அன்று காலையில் எடுத்த மலம், சுத்தமான சின்ன டப்பாவில்

லேபிள் போட்டோ இல்லாமல் போனால், 'அந்தப் பச்சை டப்பா சிரப்' என்று சொல்லிக்கொண்டு நிற்போம். நான் நின்றிருக்கிறேன்.

அரசு கால்நடை மருத்துவமனைக்கு, நம் ஊர் வழக்கில் மாட்டாஸ்பத்திரிக்கு, போவதென்றால் காலையில் சீக்கிரம் போங்கள். ஆடு மாடுகளோடு கூட்டம் சேர்ந்துவிட்டால் நாய் மிரளும். கயிறு குட்டையாக இருக்கட்டும், வாய்க்கூடு கையில் இருக்கட்டும். செலவு அங்கே மிகக் குறைவு. ஆனால் எல்லா ரத்தப் பரிசோதனையும் எல்லா நாளும் நடக்காது, கேட்டுக்கொண்டு போங்கள். தனியார் கிளினிக்கில் எனக்கு மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் ஆனது. இடத்துக்கு இடம் இது மாறும். சிக்கலான நோயென்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

இன்னொன்று. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். மருந்து உடம்பில் சேர்வதை அவை தடுக்கும். மருந்து முடியும் வரை நிறுத்தலாமா, நேரம் தள்ளிக் கொடுக்கலாமா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள்.

3. தராசு வாங்குங்கள்

சமையலறை டிஜிட்டல் தராசு 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டானிக்குக்குக் கொடுக்கும் காசை முதலில் இதற்குக் கொடுங்கள். 'ஒரு கை', 'ஒரு கரண்டி' என்ற அளவில் சத்து சேர்க்க முடியாது.

நாயின் எடைக்கு, அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷின்மேல் நின்று, அப்புறம் தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். தேவை எடைக்கு எடை பெருகாது என்பதைக் கவனியுங்கள். 20 கிலோ நாய்க்கு 10 கிலோ நாயைப் போல இரண்டு மடங்கு வேண்டாம், ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் போதும். 5 கிலோ நாய்க்குப் பாதியைவிடச் சற்று அதிகம், அதாவது பத்தில் ஆறு பங்கு. 14 கிலோ செவலிக்கு நான் போடுவது 1.3 மடங்கு.

4. கால்சியம்

வீட்டுச் சோற்றில் பெரிய ஓட்டை இதுதான். கணக்கைப் பாருங்கள். 10 கிலோ நாய்க்கு மருத்துவர் போட்டுக் கொடுத்த ஒரு நாள் உணவு: வெந்த சோறு 250 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராம், முட்டை ஒன்று, வெந்த காய் 50 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். சுமார் 650 கலோரி வரும். வயிறு நிறையும், புரதம் போதும். ஆனால் இத்தனையிலும் சேர்ந்து கால்சியம் 100 மில்லிகிராமைக்கூடத் தொடாது. தேவையோ 650 முதல் 800 மில்லிகிராம். பாஸ்பரஸ் மட்டும் 500 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது.

இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆபத்து. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரண்டு மடங்காகவோ இருக்க வேண்டும். இங்கே ஐந்தில் ஒரு பங்கு. பற்றாத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவும். செவலியின் எலும்பு மெலிந்தது இப்படித்தான். 'கறி நிறையப் போடுகிறேனே' என்று சொல்பவர்கள் கவனியுங்கள்: கறி கூடக்கூடப் பாஸ்பரஸ்தான் கூடுகிறது.

இதை அடைக்க மலிவான வழி முட்டை ஓடு. செலவே இல்லை.

ஓட்டை நன்றாகக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். உள்தோலை எடுக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஒரு நாள் காய்ந்தால் போதும். மழைக்காலத்தில் தோசைக்கல்லில் சிறு தீயில் வறுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் மாவாக அரைத்துச் சலியுங்கள். விரலில் எடுத்தால் திருநீறு மாதிரி இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் வயிற்றை உறுத்தும், உடம்பிலும் சேராது. ஒரு டஜன் முட்டை ஓட்டில் 60 கிராம் போல வரும், ஒரு மாதத்துக்குச் சரி. ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.

இந்தப் பொடியில் 100 கிராமுக்கு 38 கிராம் போலக் கால்சியம் இருக்கிறது. மேலே சொன்ன உணவுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. சுமார் 750 மில்லிகிராம் கிடைக்கும். இரண்டு வேளையாகப் பிரித்துச் சோற்றோடு பிசைந்துவிடுங்கள். மலம் வெளுத்துச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள்:

பால் கால்சியத்துக்குப் போதும் என்பது தவறு. 100 மில்லி பாலில் 120 மில்லிகிராம்தான், கூடவே பாஸ்பரஸும் வருகிறது. தேவையைப் பாலிலேயே எட்ட வேண்டுமென்றால் அரை லிட்டருக்குமேல் ஊற்ற வேண்டும். வளர்ந்த நாய் பலவற்றுக்கு அது பேதியில் முடியும்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிவை ஊற்றச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அது வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும் காரம். முட்டை ஓடும் சுண்ணாம்பும் ஒன்றல்ல.

பால் சங்கத்தில் மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவையை ஒரு சிட்டிகை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மாட்டின் எடைக்கும் மாட்டின் வயிற்றுக்கும் செய்தது. நாய்க்கு வேண்டாம்.

வெந்த எலும்பு, குறிப்பாகக் கோழி எலும்பு, ஈட்டி மாதிரி பிளந்து குடலைக் குத்தும். கல்யாண வீட்டிலிருந்து ஆம்பூர் பிரியாணி எலும்பைக் கவரில் கட்டிக்கொண்டு வந்து நாய்க்குப் போடும் பழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு. எலும்பு ஒரு பக்கம், அந்த மசாலாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் இன்னொரு பக்கம். வெங்காயம், பூண்டு இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குட்டிக்குக் கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல் கூடுதல் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரிப் பெரிய இனக் குட்டிகளுக்கு இதனால் எலும்பு கோணி வளரும். என் மருத்துவர் செவலிக்கு எல்லா டானிக்கையும் நிறுத்தி, குட்டிகளுக்கான முழுமையான கடைத் தீனிக்கு மாற்றி, ஆறு வாரம் ஓடாமல் குதிக்காமல் கட்டி வைக்கச் சொன்னார். ஒரு வயது ஆன பிறகுதான் வீட்டுச் சோற்றுக்குத் திரும்பினோம். என்னைக் கேட்டால், வளரும் குட்டிக்கு வீட்டில் சமைத்துச் சத்துக் கணக்குப் போடும் வேலையே வேண்டாம். சினை நாய்க்கும் நீங்களாகக் கால்சியம் கொடுக்காதீர்கள். குட்டி போட்ட பிறகு அதன் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கி இழுப்பு வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது.

5. ஈரல்: வாரத்துக்கு 50 கிராம்

வைட்டமின் ஏ, பி வகைகள், இரும்பு எல்லாம் ஈரலில் கொட்டிக் கிடக்கின்றன. நல்லது என்பதால் தினமும் போட்டுவிடுகிறோம். 10 கிலோ நாயின் ஒரு வாரத்து வைட்டமின் ஏ தேவையைக் கோழி ஈரல் 50 கிராமே முடித்துவிடும். வைட்டமின் ஏ சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கும். மாதக்கணக்கில் அளவு மீறினால் பசி போகும், எலும்பும் மூட்டும் வலிக்கும்.

கறிக்கடையில் 200 கிராம் கோழி ஈரல் வாங்கினால் ஒரு மாதம். வேகவைத்து நான்காகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். நான் வாங்கும்போது 30, 40 ரூபாய்க்குள் முடிகிறது. மாட்டு ஈரலில் செம்பு மிக அதிகம், கோழி ஈரலில் குறைவு. லாப்ரடார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஈரலில் செம்பு தேங்கும் நோய் அந்த இனத்தில் உண்டு.

ஈரல் போடும் வீட்டில் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வேண்டாம். மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. இரண்டாவதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் இருக்கின்றன. நான் செய்த தவறில் பாதி இதுதான்.

6. மத்தி, முட்டை, எண்ணெய்

வேலூர் வெயிலில் வைட்டமின் டிக்கு என்ன குறை என்று கேட்பார்கள். நமக்குச் சரி. நாயின் தோல் வெயிலிலிருந்து போதிய வைட்டமின் டி செய்யாது, அதற்குச் சாப்பாட்டில்தான் வர வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவும் கடல் மீனும்தான் நமக்குக் கைக்கெட்டும் வழி. மே மாத வெயிலில் நாயைக் கட்டி வைத்தால் சத்து சேராது, உயிர் போகும்.

மீனில் மத்தி நல்லது. சாளை என்றும் சொல்வார்கள். விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு அதிகம், சின்ன மீன். கடல் மீன் நம் ஊருக்கு ஐஸில் வருவது என்பதால் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஞாயிறு கூட்டத்தில் நின்று வாங்குவதைவிட வார நாள் காலையில் போனால் நிதானமாகப் பார்த்து எடுக்கலாம். தலை, குடல் நீக்கி, உப்பு புளி எதுவும் இல்லாமல் குக்கரில் அரை மணி நேரம் வேகவிட்டால் முள் மாவாகிவிடும், விரலால் நசுக்கிப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், நாளைக்கு 50, 60 கிராம். அந்த நாளில் கறியை அந்த அளவு குறைத்துக்கொள்ளுங்கள். முள்ளோடு கொடுப்பதால் ஓட்டுப் பொடியையும் பாதியாக்கிவிடுங்கள்.

பச்சை மீன் கொடுக்காதீர்கள். சில மீன்களில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது, வெந்தால் அது போய்விடும். கருவாடு வேண்டாம், உப்பு.

முட்டை வேகவைத்தே கொடுங்கள். பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும்.

எண்ணெயில் சூரியகாந்தி எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். தோலுக்கு வேண்டிய கொழுப்பும் கொஞ்சம் வைட்டமின் ஈயும் கிடைக்கும். தேங்காய் எண்ணெயில் இவை மிகக் குறைவு. கோடையில் எந்த எண்ணெயும் அடுப்பங்கரை அலமாரியில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், சின்ன பாட்டிலாக வாங்குங்கள்.

7. கீரை, காய், கேழ்வரகு

பறங்கிக்காய், காரட், முருங்கைக்கீரை மூன்றும் போதும். வேகவைத்து மசித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் அப்படியே வெளியே வரும். முருங்கைக்கீரை வெந்தது ஒரு டேபிள்ஸ்பூன், வாரத்தில் மூன்று நாள். பாலக், முளைக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் நான் தவிர்க்கிறேன். நெல்லிக்காய் வேண்டியதில்லை. நாயின் ஈரலே வைட்டமின் சியைத் தயாரித்துக்கொள்கிறது.

நம் பக்கத்துக் களியை நாய்க்குப் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக. கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்குமேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் வெறும் 10 மில்லிகிராம் போலத்தான். சோற்றில் பாதியைக் களியாக்கினால் செவலி விரும்பித் தின்கிறாள். ஆனால் கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்திலும் ஜிங்கிலும் ஒரு பங்கைச் சேரவிடாது. அதனால் களி போடுகிறேன் என்று ஓட்டுப் பொடியை நிறுத்திவிடாதீர்கள். முளைகட்டி அரைத்த மாவு இன்னும் நல்லது. பூஞ்சை வாடை அடிக்கும் மாவும், பழைய வேர்க்கடலையும், கடலைப் புண்ணாக்கும் வேண்டாம். அவற்றில் வளரும் பூஞ்சையின் நஞ்சு நாயின் ஈரலைக் கெடுக்கும்.

8. இயற்கையாக எட்டாதவை

இதைச் சொல்ல எனக்கே மனமில்லை, ஆனால் மறைக்க முடியாது. எல்லாச் சத்தையும் நம் அடுப்பங்கரையிலிருந்தே கொடுத்துவிட முடியாது.

அயோடினை எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 140 மைக்ரோகிராம் போல வேண்டும். நாம் வாங்கும் அயோடின் உப்பு ஒரு கிராமில் 15 முதல் 30 மைக்ரோகிராம் இருக்கும். உப்பிலேயே எட்ட வேண்டுமென்றால் ஐந்து கிராமுக்குக் குறையாமல் போட வேண்டும். அவ்வளவு உப்பை நாய்க்குக் கொடுக்க முடியாது. மத்தி கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க அல்ல.

ஜிங்க்கும் அப்படித்தான். தேவை 10 மில்லிகிராம் போல. கோழிக்கறி 150 கிராமில் இரண்டு மில்லிகிராம் வந்தால் பெரிது. மாட்டுக்கறியில் 100 கிராமுக்கு நான்கைந்து மில்லிகிராம் இருப்பதால், வாங்கும் பழக்கமுள்ள வீடுகளில் வாரத்தில் மூன்று நாள் கோழிக்குப் பதில் கொழுப்பில்லாத மாட்டுக்கறி போடலாம். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் தோல் தடித்துப் பக்கு கட்டினால், பாதத் திண்டு வெடித்தால், ஜிங்க் குறைவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2013இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்துக் கால்நடை ஆய்வாளர்கள், வீட்டு நாய் உணவுக்கான 200 சமையல் குறிப்புகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. அதில் பல குறிப்புகள் கால்நடை மருத்துவர்களே எழுதியவை. நம் சோறும் குழம்பில்லாத கறியும் அதைவிட மேலாக இருக்காது.

ஆகவே, வருடம் முழுக்க வீட்டுச் சோறுதான் என்றால், வீட்டுச் சமையலில் கலப்பதற்கென்றே நாய்களுக்குச் செய்த வைட்டமின்-தாதுக் கலவை ஒன்றை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அதில் கால்சியமும் இருந்தால் ஓட்டுப் பொடியை அந்த அளவு குறைக்க வேண்டும். வைட்டமின் ஏ இருந்தால் ஈரலைக் குறைக்க வேண்டும். லேபிளை மருத்துவரின் மேசையில் வைத்தே கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள். பாதி நாள் கடைத் தீனி, பாதி நாள் வீட்டுச் சோறு என்பதும் நல்ல வழிதான், நிறைய பேருக்கு அதுவே சுலபம்.

9. நம் மருந்து டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள்

நாம் வாரம் ஒருமுறை சாப்பிடும் 60,000 யூனிட் வைட்டமின் டி மாத்திரையோ பொடியோ ஒன்றே 10 கிலோ நாய்க்கு ஆபத்தான அளவு. ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னியைக் கெடுக்கும். 'எனக்கு டாக்டர் கொடுத்தது, இதற்கும் கொஞ்சம்' என்று கொடுத்துவிடாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே. சர்க்கரை இல்லாத மாத்திரை, சூயிங்கம் வகைகளில் சைலிடால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் நாயின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். திராட்சை, உலர் திராட்சை கிட்னிக்கு நஞ்சு. பொங்கலில் போட்டதாக இருந்தாலும் சரி. 'பூண்டு கொடுத்தால் உண்ணி வராது' என்பதை நம்பாதீர்கள்.

தவறித் தின்றுவிட்டால் நேரம்தான் முக்கியம். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால் வாந்தி எடுக்க வைத்து வெளியேற்றும் வாய்ப்பு உண்டு. வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள், அதுவே விஷமாகும். தின்ற பொருளின் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது, ஞாயிறு யார் பார்ப்பார் என்பதை இன்றே போன் பண்ணிக் கேட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். நடு ராத்திரியில் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் அலைய வேண்டியிருக்காது.

10. எந்த வாரம் எதை ஆரம்பிப்பது

ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடுத்ததைத் தொட ஏழு முதல் பத்து நாள் இடைவெளி. அப்போதுதான் பேதி வந்தால் எதனால் என்று தெரியும்.

முதல் வாரம் நோட்டு, மருத்துவர், குடற்புழு மருந்து. இரண்டாம் வாரம் ஓட்டுப் பொடியைக் கால் அளவில் ஆரம்பித்து வார முடிவில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாம், நான்காம் வாரம் மத்தி, முதல் தடவை ஒரு டீஸ்பூன் மட்டும். ஐந்தாம் வாரம் ஈரல். அப்புறம் கீரை, களி. மருத்துவர் எழுதிய கலவை கடைசியில். அவர் அவசரம் என்றால் அதுவே முதலில். மலம் இளகினால் புதிதாகச் சேர்த்ததை இரண்டு நாள் நிறுத்தி, பாதி அளவில் திரும்ப ஆரம்பியுங்கள். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றாலோ, வாந்தியும் சேர்ந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

முடி மினுங்குவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள்.

மாதச் செலவு, செவலிக்கு எனக்கு ஆவது: முட்டை 200 ரூபாய், மத்தி 120, ஈரல் 40, கேழ்வரகு மாவு 60, மருத்துவர் எழுதிய கலவை 250. கோழிக்கறி, அரிசி தனி. ஓட்டுப் பொடிக்குச் செலவில்லை, பக்கத்து வீட்டிலும் ஓடு எடுத்து வைத்துக் கொடுக்கிறார்கள். ஆரம்பத்தில் கண்டபடி வாங்கிய டானிக்குகளுக்கு நான் ஒரே மாதத்தில் கொடுத்தது இதைவிட மூன்று மடங்கு.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நோட்டோடு மருத்துவரிடம் போய், வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். எடையைத் தடுப்பூசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வாருங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.